வார்னிஷ் அடிச்சதும் பவுடர் எங்க போச்சு? கூட்ஸ் வேகன் வெதரிங் சந்தேகம்

வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். ஏன்னா இதே கேள்விய ஏழெட்டுப் பேர் வேற வேற மாதிரி கேட்டிருக்காங்க. கரூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டதப் படிக்கறேன், கேளுங்க.

"அண்ணா, எச்.ஓ. ஸ்கேல்ல அஞ்சு பாக்ஸ்என் வேகன் வச்சிருக்கேன். வெதரிங் பவுடர் பூசினேன், சூப்பரா இருந்துச்சு. கையில ஒட்டக்கூடாதுன்னு மேல மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சேன். பாதி பவுடரக் காணோம். மறுபடியும் நிறையப் பூசினேன், இப்ப சேத்துல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு. நெஜ வேகன் மாதிரி வர என்ன பண்ணணும்? இத இனி சரி பண்ண முடியுமா?"

புதுசா பாக்கறவங்களுக்கு ரெண்டு வரி. இது மாடல் ரயில் விஷயம். வெதரிங்னா புது மாடல வெயில், மழை, அழுக்குப் பட்ட பழசு மாதிரி காட்டற வேலை. பாக்ஸ்என்ங்கறது மேல மூடி இல்லாத நிலக்கரி வேகன். நெஜத்துல கப்ளரோட, அதாவது அடுத்த வேகனோட மாட்டற கொக்கியோட சேத்து பத்தே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. எச்.ஓ.ங்கறது மாடலோட அளவு, நெஜத்துல 87-ல ஒரு பங்கு, அப்ப நம்ம கையில அது 12 சென்டிமீட்டர் சொச்சம்.

சரி தம்பி, மொதல்ல அந்தக் காணாமப் போன பவுடர். அது எங்கயும் போகல, அங்கயேதான் இருக்கு. வாசல்ல மாக்கோலம் போடறதப் பாத்திருப்பீங்க. அரிசி மாவக் கரைச்சுப் போடறப்ப கோடு மங்கலா இருக்கும், காஞ்சதுக்கப்புறம்தான் பளிச்சுன்னு வெள்ளையா வரும். உலர்ந்த தூளுக்கு நடுவுல காத்து இருக்கறதால வெளிச்சம் சிதறுது, அதான் நமக்குத் தெரியுது. அந்த இடைவெளிய ஈரம் அடைச்சுட்டா தூள் பாதி கண்ணாடி மாதிரி ஆயிடும். கோலத்துல தண்ணி காஞ்சு போயிடுது, ஆனா வார்னிஷ் காஞ்சாலும் அங்கயே உக்காந்துக்கும். அதனால போன நிறம் திரும்பி வராது. வெளிர் நிறத் தூள்தான் அதிகமா மறையும், கருப்பு அவ்வளவா மறையாது.

இதுக்கு நான் பண்றது, வார்னிஷ மொதல்லயே அடிச்சுடுவேன். மேட் வார்னிஷ், அதான் பளபளக்காத வார்னிஷ், காஞ்சா மேற்பரப்பு சொரசொரன்னு இருக்கும், பவுடர் அதப் புடிச்சுக்கும். பளபளப்பான பிளாஸ்டிக் மேல நேரா பூசினா நிக்காது. பவுடருக்கு மேல நான் ஒண்ணுமே அடிக்கறதில்லைங்க. வேகன எப்பவும் ரெண்டு முனையில புடிச்சுத் தூக்கறேன், அவ்வளவுதான். கொழந்தைங்க கை படும், அடிச்சே ஆகணும்னா ஒரு அடி தள்ளி நின்னு, பனி விழற மாதிரி லேசா, காய விட்டுக் காய விட்டு ரெண்டு மூணு தடவை. மழை நாள்ல அடிக்கவே அடிக்காதீங்க, காத்துல ஈரம் இருந்தா வார்னிஷ் வெள்ளையா பூத்துடும்.

இதெல்லாம் கைவேலை. உங்க நெஜமான பிரச்சனை வேற. நீங்க வேகன் முழுக்க ஒரே அழுக்க ஒரே மாதிரி பூசியிருக்கீங்க. நெஜ வேகன்ல ஒவ்வொரு அழுக்கும் ஒவ்வொரு இடத்துல இருந்து வருது. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாத அழுக்க பிரஷ்ல எடுக்காதீங்க.

இந்தா, கேமராவுக்குப் பக்கத்துல காட்டறேன். தெரியுதுங்களா? இது நான் ரெண்டு வருஷம் முந்தி பண்ண பாக்ஸ்என். மேல் விளிம்பப் பாருங்க. அங்கதான் லோடரோட பக்கெட் இடிக்கும். பெயிண்ட் போயி, வளைஞ்சு நெளிஞ்சு, வெறும் இரும்பு தெரியும். நான் அந்த விளிம்ப மட்டும் 8பி பென்சில்ல லேசா தேய்ச்சிருக்கேன். பென்சில் கரி வெளிச்சத்துல இரும்பு மாதிரியே மின்னும். சில்வர் பெயிண்ட் அடிச்சா பாத்திரம் மாதிரி ஆயிடும், வேண்டாம்.

அடுத்து வெளிப்பக்கச் சுவர். அனல் மின் நிலையத்துல வேகன் டிப்ளர்னு ஒண்ணு இருக்கு, வேகனையே அப்படியே பக்கவாட்டுல சாய்ச்சுக் கவுத்து நிலக்கரியக் கொட்டிடும். அந்தத் தூள் விளிம்பத் தாண்டி வெளியவும் படியும். அப்புறம் மழை பெஞ்சா அந்தக் கருப்பு மேல இருந்து கீழ கோடு கோடா எறங்கும். சுவத்துல நிமிந்து நிக்கற விலாக் கம்பிங்க இருக்கில்ல, அதோட ரெண்டு பக்க மூலையிலயும்தான் அதிகமா தங்கும். நடுப் பரப்பு மழையில கழுவிக் கொஞ்சம் வெளிறியிருக்கும். நீங்க நடுவு, மூலைன்னு பாக்காம ஒரே மாதிரி அப்பிட்டீங்க.

இன்னும் ஒண்ணு, துரு. வேகன் ஏற்கனவே ரெட் ஆக்சைடு மாதிரி செம்பழுப்பு. அது மேல ஆரஞ்சு கலர்ல துருப்பொட்டு வச்சா அம்மை போட்ட மாதிரி தெரியுமே தவிர துரு மாதிரி தெரியாது. எனக்கு அந்த ஆரஞ்சப் பாத்தாலே ஆகாது, சொல்லிடறேன். பழைய துரு அடர் பழுப்பு, கிட்டத்தட்டக் கருப்பு. ஆரஞ்சு புதுத் துருதான், அது உள்பக்கம் இருக்கும். ஈரக்கரி உரசி உரசி உள்ள பெயிண்டே நிக்காது. பிரிட்டன்ல 16 டன் மினரல் வேகன்னு இருந்துச்சு, அந்த ஊர் மாடல் வீடியோக்கள்ல அதிகம் பாக்கறது அதுதான். அதுலயும் துரு உள்ள இருந்துதான் வெளிய வரும். கூரை போட்ட அமெரிக்கா பாக்ஸ்கார் வீடியோ பாத்துக் கூரையில பண்ற வேலைய இதுல பண்ண முடியாது, நம்ம பாக்ஸ்என்ல கூரையே கெடையாதே.

அளவையும் மறந்துடாதீங்க. மாடல்ல நீங்க வைக்கற ஒரு மில்லிமீட்டர் பொட்டு, நெஜத்துல 87 மில்லிமீட்டர். ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் துரு. மூணு மில்லிமீட்டர் கோடுன்னா கால் மீட்டர் அகலத்துக்கு வழிஞ்சிருக்கு. அதனால பிரஷ் நுனி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

இப்ப எப்படிப் பண்றதுன்னு பாக்கலாம். நான் பவுடர விட ஆயில் கலரத்தான் நம்பறேன். படம் வரையறவங்க வாங்கற அதே ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலர்தான், கேமல்லயே கெடைக்கும். பர்ன்ட் அம்பர், லேம்ப் பிளாக், கொஞ்சம் வெள்ளை, மூணு சின்ன டியூப் போதும், பத்து வருஷம் வரும். டியூப்ல இருந்து ஒரு அட்டைத் துண்டுல பிதுக்கி அரை மணி நேரம் விட்டுடுங்க. அட்டை எண்ணெய உறிஞ்சிக்கும், அப்பதான் காஞ்சதும் பளபளக்காது.

கரைக்கறதுக்கு டர்பன்டைன். இங்க நான் ஒரு பாடு பட்டிருக்கேங்க. ஆரம்பத்துல பெயிண்ட் கடையில போயி "தின்னர் குடுங்க"ன்னு கேட்டேன். அவங்க குடுத்தது என்சி தின்னர், மரச்சாமானுக்கும் வண்டிக்கும் ஸ்ப்ரே அடிக்கறவங்க வாங்கறது. நான் கேட்ட லட்சணம் அப்படி. வீட்டுக்கு வந்து பிரஷ்ல தொட்டு வேகன் மேல வச்சேன். பக்கச் சுவர் வெல்லப்பாகு மாதிரி எளகிடுச்சு, விலாக் கம்பியெல்லாம் பிரஷ்ஷோட வந்துடுச்சு. அதனால மினரல் டர்பன்டைன்னு பேர் சொல்லிக் கேளுங்க. அதுவும் வெறும் பிளாஸ்டிக் மேல நிறைய விட்டா, இறுக்கிப் பொருத்தின எடத்துல மயிரிழை மாதிரி விரிசல் விடலாம். கீழ அக்ரிலிக் மேட் வார்னிஷ் ஒரு கோட் நல்லாக் காஞ்சிருந்தா பயமில்ல. ஜன்னலத் தெறந்து வச்சுக்கோங்க.

கலர எடுத்துக் காபி டிகாஷன் அளவுக்குத் தண்ணியா கரைச்சு, விலாக் கம்பி மூலையில பிரஷ் நுனிய வைங்க. தடவக்கூடாது, சும்மா வைங்க. அதுவே மூலையோரமா ஓடிப் போகும். பதினஞ்சு நிமிஷம் விடுங்க. அப்புறம் ஒரு தட்டைப் பிரஷ்ஷ டர்பன்டைன்ல தொட்டு, துணியில நல்லாத் தொடைச்சு, கிட்டத்தட்ட ஈரமே இல்லாம மேல இருந்து கீழ ஒரே இழுப்பு. மறுபடி தொடைங்க, அடுத்த இழுப்பு. இதான் மழைக் கோடு. குறுக்க மட்டும் இழுத்துடாதீங்க, தண்ணி குறுக்க ஓடாது. நான் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் எடுப்பேன், போட்டதுல முக்கால்வாசியத் தொடைச்சு எடுத்துடுவேன். மிச்சம் இருக்கறதுதான் கண்ணுக்கு நெஜமா தெரியும்.

ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு மூணு நாள் காய விட்டுட்டு அப்புறம் போகி, அதாவது வேகனுக்கு அடியில சக்கரம் மாட்டியிருக்கற சட்டம். போகியில மேல இருக்கற அழுக்கும் கீழ இருக்கற அழுக்கும் வேற. கீழ தண்டவாளப் புழுதியும் பிரேக் தூளும். முந்தி வார்ப்பிரும்பு பிரேக் பிளாக் இருந்த காலத்துல அந்த இரும்புத் தூள் படிஞ்சு துருப்புடிச்சு, போகியே செம்பழுப்பா இருக்கும். இப்ப காம்போசிட் பிளாக், தூள் கருஞ்சாம்பல். நீங்க எந்தக் காலத்த மாடல் பண்றீங்கன்னு யோசிச்சு நிறத்த எடுங்க. இன்னொரு தப்பு நிறையப் பேர் பண்றாங்க, சக்கர மையத்துல கருப்பு எண்ணெய் வழிஞ்ச மாதிரி பளபளன்னு. அது எண்ணெய்ப் பெட்டி வச்ச பழைய நாலு சக்கர வேகனுக்கு சரி. பாக்ஸ்என்ல ரோலர் பேரிங், அடைச்சு மூடினது, எண்ணெய் வழியாது. அங்க காஞ்ச புழுதிதான்.

போகிக்கு பவுடர் நல்லாருக்கும். கடையில வாங்கற வெதரிங் பவுடர் வேணும்னு இல்ல, சாஃப்ட் பேஸ்டல் குச்சிய பிளேடால சொரண்டினாப் போதும். ஆயில் பேஸ்டல் வாங்கிடாதீங்க, அது மெழுகு மாதிரி அப்பிக்கும். ஆக்சில் ஊசிமுனை உக்கார்ற குழியில தூள் போகக்கூடாது, சக்கரம் சுத்தாது. அதனால சக்கரத்தக் கழட்டிட்டுப் பண்ணுங்க. சக்கரத்துல தண்டவாளம் படற விளிம்பு மட்டும் சுத்தமா பளிச்சுன்னு இருக்கணும், நெஜத்துலயும் அது தேய்ஞ்சு மின்னும். கப்ளர்ல பெயிண்ட் விட்டா ஒட்டிக்கும், துருத் தூள் மட்டும் லேசா.

நம்பர் விஷயம் எனக்கு ரொம்பப் புடிச்சது. நம்ம வேகன் நம்பர் 11 இலக்கம். அதுல அஞ்சாவது ஆறாவது இலக்கம் வேகன் கட்டின வருஷம். அப்ப 96-னு போட்ட வேகனும் 14-னு போட்ட வேகனும் ஒரே அளவு துருவோட நின்னா, தெரிஞ்சவங்க பாத்ததும் சிரிப்பாங்க. நீங்க அஞ்சு வேகன்லயும் மொதல்ல நம்பரப் படிங்க, எது மூத்ததுன்னு பாத்து அதுக்குத் தக்க அழுக்கு ஏத்துங்க. ஆனா ஒண்ணு, பழைய வேகனா இருந்தாலும் பொன்மலை மாதிரி ஒர்க்ஷாப்புல பி.ஓ.எச்., அதான் சில வருஷத்துக்கு ஒரு தடவை பண்ற முழுப் பராமரிப்பு, முடிஞ்சு அப்பத்தான் வந்திருந்தா புதுப் பெயிண்டோட நிக்கும். ரேக்குல, அதாவது ஒண்ணாக் கோத்து ஓடற வேகன் வரிசையில, அப்படி ஒண்ணு நடுவுல இருந்தா மத்ததெல்லாம் இன்னும் பழசாத் தெரியும். ஒரு ரேக்குக்கு 58, 59 வேகன் போகுது, எல்லாம் ஒரே அழுக்குல வர்ற ரேக்க நான் பாத்ததே இல்ல.

கடைசியா சாக்பீஸ். ரயில்வே ஆளுங்க பரிசோதிச்சுட்டு வேகன் மேல எதையாவது கிறுக்கியிருப்பாங்க, டிக் மார்க், தேதி, நம்பர். வெள்ளைக் கலர் பென்சில ஊசியாச் சீவி, ரெண்டு மூணு கிறுக்கல் போடுங்க, அப்புறம் விரலால பாதி அழிச்சு விடுங்க. மனுஷன் கை பட்ட வேகன்னு அப்பத்தான் தெரியும்.

போட்டோ வேணும்னு கேப்பீங்க. எண்ணூர் பக்கம் இருக்கறவங்களுக்குக் கொடுப்பினை, துறைமுகத்துல இருந்து நிலக்கரி ரேக் வந்துட்டே இருக்கும். மத்தவங்க ஏதாவது லெவல் கிராசிங்ல கேட்டுக்கு வெளிய நின்னு பாருங்க, கேட் போட்டா எல்லாரும் சலிச்சுக்குவாங்க, நமக்கு அதான் பாடம். தண்டவாளத்துக்குள்ள எறங்காதீங்க. நிலக்கரி இல்லாம இரும்புத்தாது ரேக்னா, கிரந்துல்ல இருந்து விசாகப்பட்டினம் போற லைன்ல ஓடறதெல்லாம், கருப்புக்குப் பதிலா செம்மண் நிறத்துல பூசிக்கிடக்கும். அரியலூர் பக்கம் சிமென்ட் ஏத்தற மூடின வேகன்ல கதவுக்குக் கீழ சாம்பல் வெள்ளையா இறுகிப் போயிருக்கும். அதப் பத்தித் தனியா ஒரு வீடியோ போடறேன்.

சரி, தம்பியோட அஞ்சு வேகன். முடியும், சரி பண்ணலாம். வார்னிஷுக்கு மேல ரெண்டாவதா பூசினீங்கல்ல, அந்தத் தூள் போகிறதுக்கு சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும், சக்கரத்தக் கழட்டிட்டுக் கழுவுங்க. வார்னிஷுக்கு அடியில மாட்டினது வராது, அத விட்டுடுங்க, அதுவே உங்களுக்கு அடிப்படை அழுக்கா இருந்துட்டுப் போகட்டும். நல்லாக் காஞ்சதும் அது மேல ஆயில் கலர்ல மூலையும் மழைக் கோடும் போடுங்க. புடிக்கலன்னா மறுநாளைக்குள்ள டர்பன்டைன்ல தொடைச்சா வந்துடும். மொதல்ல ஒண்ணே ஒண்ணுல பண்ணிப் பாருங்க, உங்க லேஅவுட்ல, அதான் மாடல் ரயில் ஓடற செட்டப்புல, எந்த லைட் எரியுதோ அந்த லைட்டுக்குக் கீழயே வச்சுப் பண்ணுங்க. டேபிள் லேம்ப்ல பண்ணிட்டு அங்க வச்சா நிறமே மாறிடும்.

அப்படியும் ஒண்ணு தேறலன்னா, சாக்பீஸ் பென்சில்ல "சிக்"னு எழுதி சைடிங்ல தனியா நிறுத்திடுங்க. நெஜ யார்டுலயும் பழுதான வேகன அப்படித்தான் ஒதுக்குவாங்க. எங்க வீட்டு லேஅவுட்ல மூணு நிக்குது, அதுல ஒண்ணு அந்த என்சி தின்னர்ல எளகினது.