கேள்வியோடு காத்திருக்கும் வகுப்பறை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி நூலகராகப் பணியாற்றும் நான் பலமுறை கண்டது இது: ஒரு கதைநூலை விரும்பித் திரும்பத் திரும்பப் படிக்கும் குழந்தைக்குக்கூட, அதன் அட்டையில் அச்சாகியிருக்கும் பெயருக்கு உரியவர் இப்போது எங்கோ ஒரு மேசையின் முன் அமர்ந்து அடுத்த கதையை எழுதிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுவதில்லை. பாடநூலில் அது காணும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் சேர்ந்தே அறிமுகமாகிறவர்கள். அந்தக் குழந்தையின் முன் எழுத்தாளரை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தும் எளிய வழியாகக் காணொளி அழைப்பு இன்று அமைந்திருக்கிறது.

ஸ்கைப் என்ற இணைய அழைப்புச் செயலி 2003ஆம் ஆண்டு அறிமுகமான பிறகே, எழுத்தாளர் பயணம் செய்யாமல் வகுப்பறைக்குள் வருவது சில பள்ளிகளில் வழக்கமாகத் தொடங்கியது. லிட்வேர்ல்டு என்ற அமைப்பு 2010இல் தொடங்கிய உலக உரக்க வாசிப்பு நாளை ஒட்டி, சிறார் எழுத்தாளர்கள் பலர் ஆண்டுதோறும் வகுப்புகளுக்கென்று சிறிது நேரம் ஒதுக்குகிறார்கள். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த வழக்கம் வெகுவாகப் பரவியது. ஸ்கைப் 2025 மே மாதத்தோடு விடைபெற்றுவிட்டது. சந்திப்புகளோ வேறு செயலிகளில் தொடர்கின்றன.

செயலி எதுவாக இருந்தாலும், சந்திப்பு நன்றாக அமைவதும் வீணாவதும் அழைப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் முடிவாகிறது என்பது என் உறுதியான கருத்து. நூலைப் படிக்காத வகுப்பு எழுத்தாளரிடம் வயதையும், எழுதிய நூல்களின் எண்ணிக்கையையும் கேட்கும்; இவை பின்னட்டையிலேயே இருக்கின்றன. நூலை இருமுறை படித்த வகுப்போ, கதையில் வரும் நாய் கடைசிப் படத்தில் ஏன் இல்லை என்று கேட்கும். ஆசிரியரே நல்ல கேள்விகளை எழுதிக் கொடுத்துக் குழந்தைகளை ஒப்பிக்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை. குழந்தையின் சொந்தக் கேள்வி தட்டுத்தடுமாறி வந்தாலும் எழுத்தாளர் அதை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்; அவர் முகம் மலர்வதிலேயே அது தெரிந்துவிடும்.

ஒரு சந்திப்பில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கதை ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சற்றுக் கோபமாகவே கேட்டாள். எழுத்தாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அச்சகத்தில் பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு, மூன்று முறை மடித்து ஓரங்களை வெட்டினால் 16 பக்கங்கள் கிடைக்கும் என்றும், அப்படி மடித்த இரண்டு தாள்கள் சேர்ந்த 32 பக்கங்களே படக்கதை நூல்களுக்கு வழக்கமான அளவு என்றும், தலைப்புக்கும் பதிப்பு விவரங்களுக்கும் உரிய பக்கங்கள் போக எஞ்சிய இடத்துக்குள் கதையை முடிக்கவேண்டியிருந்தது என்றும் மடித்துக்காட்டியபடியே விளக்கினார். யாரும் சொல்லாமலே வகுப்பு முழுவதும் குறிப்பேட்டுத் தாள்களைக் கிழித்து மடிக்கத் தொடங்கியது.

அதன்பின் அவர் தம் வரைவுகளைத் திரைக்கு அருகில் பிடித்துக் காட்டினார். பக்கம் பக்கமாக அடித்தலும் திருத்தலும். ஒரு பக்கத்தில் இரண்டே வரிகள் தப்பியிருந்தன. கட்டுரை ஏட்டில் ஓர் எழுத்து பிழையானாலும் தாளையே கிழித்தெறிந்துவிடும் சிறுவன் ஒருவன் அந்தப் பக்கங்களை எழுந்து நின்று பார்த்ததை நான் மறக்கவில்லை. நேரில் வரும் எழுத்தாளர் நூலில் கையெழுத்திட்டுத் தருவார், அது பெரும் பேறுதான். ஆனால் அவருடைய மேசையையும், சுவரில் ஒட்டிய குறிப்புகளையும், கசங்கிய வரைவுகளையும் குழந்தைகள் பார்ப்பதற்குத் திரையே வழிவிடுகிறது.

ஏற்பாட்டைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லவேண்டும். குரல் மறுமுனையை அடைய 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாதிருந்தால் உரையாடல் இயல்பாக நடக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. இணைப்பு மெதுவாகி அந்த அளவு மிகும்போது, தன் குரல் கேட்கவில்லை என்று எண்ணிக் குழந்தை மீண்டும் பேசத் தொடங்க, இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருக்க முன்கூட்டியே பழக்கிவிட்டால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும். முந்நூறு பேரை அரங்கில் அமர்த்தினால் சந்திப்பு வெறும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகிவிடும். ஒரு வகுப்பே போதும். அழைப்பைப் பதிவுசெய்வதானால் எழுத்தாளரின் இசைவும் பெற்றோரின் இசைவும் கட்டாயம் வேண்டும். பயணச் செலவு இல்லை என்பதற்காக எழுத்தாளரின் உழைப்பும் இலவசம் என்று பள்ளிகள் கருதுவது எனக்கு வருத்தம் தருகிறது; கால் மணி நேர அறிமுகத்தைப் பலர் மனமுவந்து அளிக்கிறார்கள், ஆனால் ஒரு மணி நேரப் பயிலரங்குக்கு உரிய ஊதியம் தரவேண்டும்.

நேரம் போதாமல் கேட்கப்படாது நின்ற கேள்விகளைத் தொகுத்து அந்த எழுத்தாளருக்கு அனுப்பிவைத்தோம். அவர் பதில் வருவதற்குள், கோபமாகக் கேட்ட அந்தச் சிறுமி தன் மடித்த தாளை நூல்கொண்டு தைத்து, பக்க எண்கள் இட்டு, ஒரு கதையை எழுதத் தொடங்கியிருந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் கதை நகர மறுக்கிறது என்றும், அவரிடம் இன்னொரு முறை பேச முடியுமா என்றும் நூலக வாசலில் நின்று என்னிடம் கேட்டாள்.