மயக்க டாக்டர் ஊசி போட்டதும் போய்விடுவாரா?

ராயபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், அடுத்த வாரம் ஆபரேஷன். "மயக்கத்துக்கு ஒரு ஊசிதானே அண்ணா, அதற்கு எதற்குத் தனியாக ஒரு டாக்டர்? போட்டுவிட்டுப் போய்விடுவாரா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

போகமாட்டார் தங்கச்சி. அம்மா கண் திறந்து பதில் சொல்லும் வரை அவரோ, அவர் இடத்தில் இன்னொரு மயக்க டாக்டரோ தலைமாட்டிலேயே இருப்பார். மயக்கம் என்பது தூக்கம் இல்லை. நான் எத்தனை முறை சொன்னாலும் இதைத் திரும்பச் சொல்வேன். தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுந்துவிடுவார், மூச்சும் தானாக ஓடும். இந்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம். தசையைத் தளர்த்தவும் மருந்து கொடுப்பார்கள், அதில் மூச்சு விடும் தசையும் ஓய்ந்துவிடும். அப்புறம் அம்மாவின் மூச்சு அந்த டாக்டர் பொறுப்பு.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் என்ற மயக்க மருந்தின் ஆவியைக் கொடுத்து, கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. மறு வருடம் எடின்பரோவில் சிம்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்ம் என்ற இன்னொரு மயக்க மருந்தைக் கொண்டுவந்தார். சரி, அதோடு வலி ஒழிந்தது என்று முடித்துவிடுகிறோம். ஆனால் 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் நகம் எடுக்க வேண்டியிருந்தது. துணியில் குளோரோஃபார்ம் நனைத்து முகத்தில் வைத்தார்கள். சில நிமிடங்களில் இறந்துபோனாள். ஒரு நகத்துக்கு! இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

லண்டனில் காலரா பரவியபோது, அது தண்ணீரில் வருகிறது என்று சொல்லித் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர் ஜான் ஸ்நோ என்ற டாக்டர். அதே மனிதர்தான் இந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். எவ்வளவு ஆவி உள்ளே போகிறது என்று அளக்காமல் கொடுப்பதுதான் ஆபத்து என்றார். 1853-ல் விக்டோரியா ராணியின் பிரசவத்தின்போது, வலி வரும்போதெல்லாம் குளோரோஃபார்மைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டு 53 நிமிடம் பக்கத்திலேயே இருந்தார். உங்கள் மயக்க டாக்டருக்கு அவர்தான் மூதாதை.

கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டினோமே, அந்த ஆக்சிஜன் கிளிப் ஆபரேஷன் தியேட்டரிலும் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் அதன் 'பீப்' சத்தத்தின் சுருதியும் இறங்கும். டாக்டர் வேறு பக்கம் திரும்பியிருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.

அந்த டாக்டரிடம் நாம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். காசிமேட்டில் எங்கள் பெரியம்மா, குடலிறக்க ஆபரேஷன் அன்று விடியற்காலையில் பால் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, "ஒன்றும் சாப்பிடவில்லை" என்று சாதித்தார். அண்ணன் உண்மையைச் சொல்ல, ஆபரேஷன் தள்ளிப்போனது. வீட்டில் எல்லோருக்கும் கோபம், எனக்கும்தான். மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பது அன்று எனக்குத் தெரியாது. பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். உங்கள் டாக்டர் சொல்கிற நேரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா போடுகிற மாத்திரைகள், ஆஸ்துமா, குறட்டை, முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த தொந்தரவு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஆடும் பல் இருந்தால் அதையும் எழுதுங்கள். மூச்சுக்குழாய்க்குப் போகும் டியூப் அந்தப் பல்லைத் தாண்டித்தான் போகிறது.