நிரலாளர் கையில் தேடும் கருவிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

நிரலாளர் என்றால் நாள் முழுக்க விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் நேரத்தில் பெரும்பகுதி, முன்பே எழுதிவைத்த நிரலைப் படிப்பதிலும் அதற்குள் ஒன்றைத் தேடுவதிலும் போகிறது. இந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது? இதை எப்போது மாற்றினார்கள்? போன மாதம் ஓடியது இன்று ஏன் ஓடவில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தருகிற கருவிகளைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். நிரலைத் தட்டும் எடிட்டர் அவரவர் கைப்பழக்கம். விஎஸ் கோடாக இருக்கட்டும், விம்மாக இருக்கட்டும், அதில் வாதாட ஒன்றுமில்லை.

கோப்புகளுக்குள் சொல்லைத் தேட, யூனிக்ஸ் உலகில் கென் தாம்சன் எழுதிய கிரெப் 1970களிலிருந்தே இருக்கிறது. இன்று பலர் கையில் இருப்பது ரிப்கிரெப். ஆண்ட்ரூ கேலண்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016இல் வெளியிட்டது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஆர்ஜி என்ற இரண்டெழுத்தையும் தேடும் சொல்லையும் அடித்தால் போதும். அந்த ஃபோல்டர், அதற்குள் இருக்கும் ஃபோல்டர்கள் எல்லாவற்றிலும் தேடி, கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் காட்டிவிடும். ஹைஃபன் பெரிய சி, 3 என்று சேர்த்தால் முன்னும் பின்னும் மும்மூன்று வரிகள் கூடவே வரும்.

இதில் புதியவர்கள் தடுமாறுகிற இடங்கள் இரண்டு. முதலாவது, கண்ணெதிரே இருக்கிற சொல்லை ரிப்கிரெப் இல்லை என்று சொல்வது. கிட் என்ற கருவி கவனிக்க வேண்டாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் விலக்கிவைத்தவை, புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள், உரையாக இல்லாத பைனரி கோப்புகள் ஆகிய மூன்றையும் அது தானாகவே தாண்டிப் போகும். அதனால்தான் அவ்வளவு வேகம். விலக்கியவற்றிலும் தேட ஹைஃபனுக்குப் பின் சிறிய யூ ஒன்று. மறைகோப்புகளும் வேண்டுமென்றால் இரண்டு. பைனரியும் சேர மூன்று. இரண்டாவது தடுமாற்றம், தேடும் சொல்லில் வரும் குறிகள். ஒரு ஃபங்ஷனின் பெயரோடு திறப்பு அடைப்புக்குறியையும் சேர்த்துத் தேடினால், மூடாத அடைப்பு என்று பிழை வரும். 1.5 என்று தேடினால் 125 என்பதும் அகப்படும்; ஏனென்றால் ரிப்கிரெப் தேடும் சொல்லை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வடிவக் குறிப்பாகப் படிக்கிறது, அதில் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும். ஹைஃபன் பெரிய எஃப் சேர்த்தால் அடித்தது அடித்தபடியே தேடப்படும். அன்றாடத் தேடலில் பாதிக்கு இதுவே போதும்.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள் இங்கே கூடுதலாகச் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கொ என்ற எழுத்தின் உயிர்க்குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரிப்கிரெப்புக்கு அவை வேறு வேறு. கோவில் என்று தேடி நூறு இடம் கிடைக்க வேண்டிய கோப்பில் அறுபதுதான் கிடைத்தது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தரவு உள்ளே நுழையும் வாசலிலேயே, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தான் மொழியில் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் அதைச் செய்யும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ள என்ற முழு எழுத்தும் தட்டியிருந்தால் நார்மலைஸ் அதைத் திருத்தாது. அது எழுத்துப்பிழை, தனியாகத் தேடித்தான் மாற்ற வேண்டும்.

பைத்தானில் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கான ஆர்இ தொகுப்பில் சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்வு டபிள்யூ, தமிழின் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மா என்று கொடுத்தால் ‘அம’ ஒன்று, ‘ம’ ஒன்று என்று உடைத்துத் தரும். இதைக் கவனிக்காமல் சொற்களை எண்ணினால் கணக்கு முழுக்கத் தவறாகும். ரெஜெக்ஸ் என்ற தனித் தொகுப்பை நிறுவிப் பயன்படுத்தினால் சரியாக வரும். நீளத்தைக் கேட்டாலும் இதே கதைதான்: அம்மா நமக்கு மூன்றெழுத்து, பைத்தானுக்கு 5, யூடிஎஃப் 8 கோப்பில் 15 பைட். தரவுத்தளத்தில் பெயருக்கு 30 பைட் என்று ஒதுக்கினால் தமிழ்ப் பெயர்கள் நடுவில் வெட்டுப்படும்.

இனி, காலத்தில் பின்னோக்கித் தேடுவது. இதற்கு, நிரலில் செய்த மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கியது. சில மாதங்களிலேயே ஜூனியோ ஹமானோவிடம் பொறுப்பு போய், இன்றும் அவரே நடத்துகிறார். மாற்றத்தைப் பதியும் கமிட், அதை வெளியே அனுப்பும் புஷ், பிறர் மாற்றத்தைப் பெறும் புல் ஆகிய மூன்றோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். கிட்டின் அருமை அதற்கு அப்பால்தான் இருக்கிறது.

ஒரு வரி எப்போது வந்தது, எப்போது போனது என்று அறிய, கிட் லாக் ஹைஃபன் பெரிய எஸ் என்று அடித்து அந்தச் சொல்லைக் கொடுங்கள். அந்தச் சொல்லின் எண்ணிக்கை கூடிய, குறைந்த கமிட்களை மட்டும் தரும். வரிக்கு வரி யார் மாற்றினார் என்று சொல்லும் கிட் பிளேம், தற்போது உள்ள வரியைத்தான் காட்டும். அழித்த வரியைக் கண்டுபிடிக்க உதவுவது லாக் ஹைஃபன் பெரிய எஸ்.

எந்தக் கமிட்டில் பழுது நுழைந்தது என்றே தெரியாதபோது கிட் பைசெக்ட். முதலில் கிட் பைசெக்ட் ஸ்டார்ட். இப்போதைய நிலை பழுது, ஆகவே கிட் பைசெக்ட் பேட். சரியாக ஓடிய பழைய பதிப்பைக் காட்டி கிட் பைசெக்ட் குட். கிட் நடுவிலுள்ள கமிட்டை எடுத்து வைக்கும். ஓட்டிப் பார்த்து குட் அல்லது பேட் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி கழியும் என்பதால் 1000 கமிட்களுக்கு ஏறக்குறைய 10 சோதனை போதும். ஒரு ஸ்கிரிப்ட் எழுதி கிட் பைசெக்ட் ரன் என்று கொடுத்தால் அந்தப் பத்தையும் கிட் தானே செய்துகொள்ளும். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் சரி, 1 திருப்பினால் பழுது. அந்தக் கமிட் கம்பைலே ஆகவில்லை என்றால் 125 திருப்ப வேண்டும், கிட் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். ஸ்கிரிப்டை, நிரலும் அதன் வரலாறும் இருக்கும் ரெப்போவுக்கு வெளியே வையுங்கள். உள்ளே கமிட் செய்து வைத்தால், பழைய கமிட்டுக்குப் போகும்போது அதுவும் பழையதாகிவிடும், அல்லது காணாமல் போகும்.

பைசெக்ட் தவறான கமிட்டைக் கைகாட்டினால், பெரும்பாலும் காரணம் ஒருமுறை தேறி ஒருமுறை தவறுகிற டெஸ்ட். ஸ்கிரிப்டுக்குள் அந்த டெஸ்டை ஐந்து தடவை ஓட்டி, ஒன்று தவறினாலும் பழுது என்று சொல்லவிடுங்கள். முந்தைய பில்டின் எச்சங்கள் ஃபோல்டரில் கிடந்தாலும் இப்படி ஆகும். குட் என்று காட்டும் பழைய பதிப்பையும் நம்பிக்கையில் சொல்லாமல் ஓட்டிப் பார்த்துச் சொல்வது நல்லது. முடிந்ததும் கிட் பைசெக்ட் ரீசெட். அதை மறந்தால் பழைய கமிட்டின் மேலேயே நின்று வேலை செய்துகொண்டிருப்போம்.

கமிட் சிறியதாக இருந்தால்தான் இவ்வளவும் பலன் தரும். 40 கோப்புகளை மாற்றிய ஒரே கமிட்டில் போய் நின்றால் தேடல் முதலிலிருந்து தொடங்கும். இதற்கு கிட் ஆட் ஹைஃபன் பி உதவும். மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும். ஒய் அடுத்த கமிட்டில் சேர்க்கும், என் விடும், எஸ் இன்னும் சிறிதாகப் பிரிக்கும், பிரியாதபோது ஈ அடித்துக் கையாலேயே வரிகளைத் திருத்தலாம். மறந்துபோய் விட்டுவைத்த பிரிண்ட் வரிகள் கண்ணில் படுவதும் இங்கேதான்.

கடைசியாக ரெஃப்லாக். பழைய கமிட்டுக்குத் திருப்பிவிடும் ரீசெட் ஹார்ட் அடித்து இரண்டு நாள் வேலை போனதென்று பதறுபவர்கள் முதலில் கிட் ரெஃப்லாக் அடித்துப் பாருங்கள். ஹெட், அதாவது நாம் நிற்கும் கமிட்டைக் காட்டும் குறி, நின்ற இடமெல்லாம் வரிசையாக வரும். தொலைந்த கமிட்டின் எண்ணைப் பார்த்து, கிட் பிராஞ்ச், ஒரு புதுப் பெயர், அந்த எண் என்று அடித்தால் திரும்பக் கிடைக்கும். எந்தக் கிளையும் (பிராஞ்ச்) எட்டாத கமிட்களின் குறிப்பு 30 நாளும், மற்றவை 90 நாளும் இருக்கும் என்பது வழக்கமான அமைப்பு. ரெஃப்லாக் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும். வேறிடத்தில் புதிதாக க்ளோன் செய்து நகலெடுத்தால் கூட வராது. ஆட் செய்து கமிட் செய்யாதவை ரெஃப்லாக்கில் இருக்காது, அவற்றை கிட் எஃப்எஸ்சிகே லாஸ்ட் ஃபவுண்ட் மூலம் பெயரில்லாத் துண்டுகளாக மீட்கலாம். ஆட்கூடச் செய்யாமல் விட்டதைக் கிட் பார்த்ததே இல்லை. அதை எடிட்டரின் அன்டூவிலோ லோக்கல் ஹிஸ்டரியிலோதான் தேட வேண்டும்.

வணக்கம்.