கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுதான் ரொம்ப கஷ்டம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இப்பதான் இன்டர்வல் ஓடி முடிச்சேன், கொஞ்சம் மூச்சு வாங்கும், பரவாயில்ல, ஓட்டத்துலயும் பிள்ளை வளக்கறதுலயும் வர்ற கஷ்டத்தைப் பத்தி அப்படியே பேசிடறேன். இன்டர்வல்னா தெரியாதவங்களுக்காக சொல்றேன், 400 மீட்டர் வேகமா ஓடணும், கொஞ்ச நேரம் மெதுவா நடந்து மூச்சைப் பிடிக்கணும், மறுபடியும் அதே வேகத்துல 400, இப்படியே போகும். முதல் சில ரவுண்டு ஓடிடலாம். கடைசி ஒண்ணு ரெண்டுக்கு முன்னாடி மனசு கதை சொல்லும் பாருங்க, இன்னைக்குத் தூக்கம் சரியில்ல, கால் ஒரு மாதிரி இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு. அந்தக் கதையைக் கேட்டுக்கிட்டே, அதுகிட்ட வாதாடாம, போய் கோட்டுல நிக்கறதுக்குப் பழகணும்னுதான் நான் இதை ஓடறதே.

ஆனா ஒண்ணு, கஷ்டம்னாலே நல்லதுன்னு நான் சொல்ல வரல. பயிற்சி பண்ணும்போது உடம்பு பலமாகறது இல்ல, அப்போ தசை களைச்சுதான் போகுது, அப்புறம் சாப்பிட்டுத் தூங்கி ஓய்வெடுக்கும்போதுதான் அது முன்னைவிட கொஞ்சம் பலமா தன்னைக் கட்டிக்குது. புதுசா ஒரு பயிற்சி பண்ணா ரெண்டாவது நாள் படி இறங்க முடியாம வலிக்கும்ல, அது பொதுவா 24ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் தானா இறங்கிடும். தசையில லாக்டிக் ஆசிட் தேங்கினதாலதான் இந்த வலின்னு ஜிம்ல இன்னமும் சொல்றாங்க, அது தப்புங்க, அதெல்லாம் ஓடி முடிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ளயே பெரும்பாலும் ரத்தத்துல இருந்து போயிடும். இந்த வலியைத் தாங்கலாம். ஆனா மூட்டுல சுருக்குன்னு குத்துது, ஒரே இடத்துல வலிக்குது, ஓட ஓட ஜாஸ்தியாகுதுன்னா நிறுத்திடணும், அங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடறதுக்குப் பேரு வீரம் கிடையாது.

சரி, இதுக்கும் பிள்ளை வளக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ரொம்ப சம்பந்தம் இருக்கு. ராத்திரி முழிக்கறது, நம்ம நேரத்தை விட்டுக்குடுக்கறது, அந்த கஷ்டத்தையெல்லாம் எல்லாரும் பேசியாச்சு. பச்சக் குழந்தை ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் குடிக்கும், எழுந்துதான் ஆகணும், வேற வழியே இல்ல. வேற வழி இருக்கிற கஷ்டம்தான் கஷ்டம். குழந்தை ஷூ லேஸ் கட்டுதுன்னு வைங்க. லேஸைக் காது மாதிரி மடிக்கும், சுத்தும், விரல் நழுவும், அவுந்துடும். நாக்கைக் கடிச்சுக்கிட்டு மறுபடியும் மடிக்கும். நமக்கு நேரம் ஆகுது, குனிஞ்சு கட்டிவிட்டா அஞ்சே செகண்ட் வேலை. அந்த இடத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது இருக்கே, சத்தியமா சொல்றேன், கடைசி 400ஐவிட எனக்கு அது கஷ்டம். ஆனா அந்த நேரத்தை நாம தாங்கிக்கிட்டாதான் குழந்தை தன்னோட கஷ்டத்தைத் தானே தாங்கி வெளிய வரும், நாம குனிஞ்சுட்டோம்னா நம்ம அவஸ்தைதான் தீருதே தவிர குழந்தைக்கு ஒண்ணும் கிடைக்கறது இல்ல.

அதுக்காக கஷ்டத்தைத் தேடிப் பிடிச்சு குழந்தை தலையில வைக்கறதும் கூடாதுங்க. நான் கோட்டுல நிக்கறது நானா முடிவு பண்ணது. எட்டு வயசுப் பிள்ளை அழுதுக்கிட்டே ஓடறது யாரு முடிவு பண்ணது? வளர்ற பசங்களுக்கு எலும்போட முனையில குருத்தெலும்புப் பகுதி இருக்கு, எலும்பு நீளமா வளர்றதே அங்கதான், அது பெரியவங்க எலும்பு மாதிரி கெட்டி கிடையாது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப பண்ணா சீக்கிரம் அடி வாங்கும். அமெரிக்கால குழந்தை டாக்டருங்க அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்றதே, வாரத்துல ஒண்ணு ரெண்டு நாளாவது பயிற்சியில இருந்து லீவு குடுங்கன்னுதான். லீவு குடுத்தா பின்தங்கிடுவான்னு பயப்படற அப்பா அம்மா நிறைய பேரை மைதானத்துல பாக்கறேன், அந்த பயம் எனக்குப் புரியுது, ஆனா அந்த பயத்தை சுமக்க வேண்டியது பெத்தவங்கதான், பிள்ளையோட முட்டி இல்ல.

தியாகம்னு வரும்போது எனக்கு அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸ் ஞாபகம்தான் வரும். 2018 நவம்பர்ல கர்ப்பம் 32 வாரம் இருக்கும்போதே ரத்த அழுத்தப் பிரச்சனையாகி அவசர ஆபரேஷன்ல குழந்தை பிறந்தது. குழந்தை ஐசியூல இருந்தது. அதுக்கப்புறம் 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர்ல வெண்கலம், ரிலேல தங்கம், மொத்தம் 11 ஒலிம்பிக் மெடல். இன்னொரு பக்கம் கென்யாவோட மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே, 2019ல வியன்னால மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிஷம் 40 செகண்ட்ல ஓடினவரு, பயிற்சிக் காலத்துல வார நாளெல்லாம் கென்யால இருக்கிற கேம்ப்லயே தங்கி, வாரக் கடைசியிலதான் வீட்டுக்குப் போவாரு. எல்லாரும் அவரோட தியாகம்னு பேசுறாங்க, பேசட்டும், ஆனா அந்த நாள் பூரா மூணு பிள்ளைங்களோட வீட்டைப் பாத்துக்கிட்டவங்களும் அந்த ஓட்டத்துல இருக்காங்கல்ல, அவங்களை யாரு ஸ்டாப் வாட்ச் வெச்சு அளந்தா? நீங்க காலையில பயிற்சிக்குப் போகும்போது வீட்ல யாரோ உங்களுக்காக எழுந்திரிக்கறாங்கன்னா தயவுசெஞ்சு அதை அவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், இது எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கு. உனக்காக என் விளையாட்டையே விட்டேன், என் வேலையை விட்டேன்னு பிள்ளைகிட்ட சொல்லாதீங்க. விட்டது உண்மையாவே இருக்கலாம், வலிக்கவும் செய்யும், அதை உங்க துணைகிட்ட சொல்லி அழுங்க, ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. பிள்ளை நம்மகிட்ட கடன் வாங்கல, அப்புறம் வட்டியோட எதுக்குத் திருப்பிக் கேக்கறோம்? அதுவும் மேட்ச் தோத்துட்டு திரும்பி வரும்போது கேக்கவே கேக்காதீங்க. அந்த நேரத்துல பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கும், விளையாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேச வேண்டாம், அது பேசினா கேளுங்க, பேசலன்னா பாட்டு போட்டுட்டு வாங்க.

எந்த வயசுல இருந்து பசங்களுக்கு வெயிட் டிரெய்னிங் ஆரம்பிக்கலாம்னு நிறைய பேர் கேக்கறீங்க, அதைத் தனியா ஒரு வீடியோவா போடறேன். பாக்கலாம்ங்க.