"சொன்னதையே திருப்பிச் சொல்றான், நிறுத்தணுமா?"

ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பையனுக்கு 4 வயசு, ஆட்டிசம். 'தண்ணி வேணுமா'ன்னு கேட்டா 'தண்ணி வேணுமா'ன்னு அதையே சொல்றான். கார்ட்டூன் வசனமும் நாள் பூரா ஓடுது. அதட்டி நிறுத்தணுமா?"

வேண்டாம்மா, நிறுத்தாதீங்க. அப்படிச் சொல்றப்போ அவன் கை எங்க போகுதுன்னு பாருங்க. டம்ளர் பக்கம் போச்சுன்னா, அவன் பதில் சொல்லிட்டான். "ஆமா, வேணும்"னு அர்த்தம். 'ஆமா'ங்கிற வார்த்தை இந்தப் பிள்ளைங்கள்ல பல பேருக்கு லேட்டாத்தான் வரும். அதுவரைக்கும் கேள்வியைத் திருப்பிச் சொல்றதுதான் பல நேரம் அவங்களோட 'ஆமா'. ஆட்டிசம் பத்தி ஆரம்ப காலத்துலயே எழுதின மனநல மருத்துவர் லியோ கேனர், 1943-லயே இதைக் கவனிச்சு எழுதியிருக்கார்.

இப்படிக் கேட்டதைத் திருப்பிச் சொல்றதுக்கு எக்கோலாலியான்னு பேர். ரொம்ப நாள் இதை வெறும் கிளிப்பேச்சுன்னு ஒதுக்கினாங்க. 1981-ல பாரி பிரிசான்ட், ஜூடித் டூகன்னு பேச்சு-மொழி ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரும் பிள்ளைங்களை வீடியோ எடுத்துப் பார்த்து, உடனே திருப்பிச் சொல்றதை 7 வகையாப் பிரிச்சாங்க. ஒண்ணைக் கேக்குறது, ஆமான்னு சொல்றது, பேச்சுல தன் முறைக்குக் குரல் குடுக்குறது, செய்யப் போறதைத் தனக்குத்தானே சொல்லிக்கிறது எல்லாம் அதுல இருக்கு.

எப்பவோ கேட்டதை இப்போ சொல்றது இன்னொரு விதம். என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, டிரில்லிங் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு "ஊதிட்டேன், ஊதிட்டேன்"னு சொல்லும். யாருக்கும் புரியல. அப்புறம் அவங்க அம்மாதான் ஞாபகப்படுத்திச் சொன்னாங்க. ஒருநாள் படியில விழுந்து முட்டி தேஞ்சப்போ அவங்க ஊதிவிட்டு அப்படிச் சொல்லியிருக்காங்க. அந்தக் குழந்தை அன்னைக்கு இருந்த பயத்தையும் ஆறுதலையும் அந்த ஒரே சொல்லோட சேர்த்து எடுத்து வெச்சிருக்கு. "எனக்குப் பயமா இருக்கு, என்னைப் பிடிச்சுக்கோ"ங்கிறதைத்தான் அப்படிச் சொல்லுது.

வீட்டுல நீங்க கேள்வியைக் கொஞ்சம் குறைங்க. அவன் எப்படிச் சொல்லணுமோ அப்படியே, "தண்ணி வேணும்"னு நீங்க சொல்லி டம்ளரைக் குடுங்க. நம்ம தமிழ்ல கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல ஒரு 'ஆ' தானே இருக்கு! நீங்க "வேணுமா"ன்னே கேட்டுக்கிட்டிருந்தா, அந்த 'ஆ'வையும் சேர்த்துத்தான் அவன் எடுத்துக்குவான். சொல்லிட்டு, அவன் பேச கொஞ்சம் நேரம் விடுங்க. "சொல்லு, சொல்லு"ன்னு அவசரப்படுத்தாதீங்க.

கார்ட்டூன் வசனத்துக்கு ஒரு நோட்டு போடுங்க. என்ன வசனம், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அவன் முகம் எப்படி இருந்துச்சு, அந்தக் கார்ட்டூன்ல அது எந்த இடத்துல வருது. ரெண்டு வாரம் எழுதுங்க. ஸ்பீச் தெரபிக்குப் போறப்போ அந்த நோட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க.