என்.எஸ். கிருஷ்ணன்: நாடகக் கொட்டகை வளர்த்த கலைஞர்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

கலைவாணர் என்று பேர் பெற்ற நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றிப் பேச வருகிறவர்கள், அவர் அள்ளிக் கொடுத்த கதைகளைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். அவர் கொடை பெரியதுதான். ஆனால் அவருடைய தொழில் திறமையை யாரும் போதுமான அளவு பேசவில்லையே என்ற குறை எனக்கு வெகுநாளாக உண்டு. இன்று அதைப் பேசிவிடுகிறேன்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தார். வீட்டில் வறுமை, படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன் அவர். ஆனால் ஊர் அவருக்கு வேறொரு பாடம் வைத்திருந்தது. நாஞ்சில் நாட்டில் கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா என்றால் வில்லுப்பாட்டு இருந்தே ஆக வேண்டும். வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்கும். குடமும் உடுக்கையும் சேர்ந்துகொள்ளும். புலவர் கதை சொல்வார், பாடுவார், வேஷம் கட்டாமலே நாலு பேராக நடித்தும் காட்டுவார். பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போடுவார். அது லேசான வேலை இல்லை. கதையை எங்கே மறித்துக் கேள்வி கேட்டால் கூட்டம் கலகலக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கலைவாணரும் அவர் மனைவியான நடிகை டி.ஏ. மதுரமும் சேர்ந்து வரும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். இவர் ஒன்று சொல்வார், அந்த அம்மா மடக்குவார். மடக்கிய இடத்திலிருந்து பேச்சு இன்னொரு பக்கம் தாவும். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனி. அந்தக் காலத்துக் கம்பெனியில் சேர்ந்த பையன் இதுதான் செய்வேன் என்று சொல்ல முடியாது. பாட வேண்டும், ஆட வேண்டும், அன்றைக்கு யாருக்காவது காய்ச்சல் என்றால் அவருடைய வேஷத்தையும் போட வேண்டும். கிருஷ்ணன் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். முப்பதுகளின் நடுவில் சினிமாவுக்கு வந்தபோது அவரிடம் இருந்த மூலதனம் அதுதான். 1936-இல் வந்த 'சதி லீலாவதி'யில் நடித்தார்; எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். எழுதிக் கொடுத்ததைப் பேசிவிட்டுப் போகிற நடிகராக கிருஷ்ணன் இருக்கவில்லை. தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே யோசித்து, தனக்கென்று ஒரு குழுவை வைத்துக்கொண்டு அமைத்தார். படத்துக்குள் இன்னொரு சின்னப் படம் ஓடுவது போல அவை இருக்கும். 'வசந்தசேனா' படத்துக்காகப் புனே போனபோதுதான் மதுரத்தைச் சந்தித்தார். திரையில் ஜோடி, வாழ்க்கையிலும் துணை.

அவருடைய திறமை மொத்தமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமென்றால் 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தின் 'கிந்தனார்' காலட்சேபத்தைத்தான் சொல்வேன். காலட்சேபம் என்றால் பாட்டும் பேச்சுமாக மேடையில் கதை சொல்வது. திரைக்கதை அண்ணா எழுதியது. நந்தனார் சரித்திரம் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. நந்தன் சிதம்பரம் போக ஏங்குவான். இங்கே கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட பையன் படித்து, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பாகவதர் கோலத்தில் நின்று, சங்கீதம் தெரிந்தவர்களும் தலையாட்டும்படி பாடி, நடுநடுவே பேச்சுத்தமிழில் கதை சொல்லி, மொத்தக் காலட்சேபத்தையும் அவரே தாங்குகிறார். ஜனங்களுக்குப் பழகிய மெட்டு, பழகிய கதைப்போக்கு. உள்ளே இருப்பது மட்டும் புதுச் சரக்கு. கோபப்பட்டு மேடையில் முழங்கியிருந்தால் எழுந்து போயிருக்கக்கூடியவர்களையும் உட்கார்ந்து கேட்க வைத்துவிட்டார். இதைச் செய்ய நடிப்பு மட்டும் போதாது. காலட்சேபத்தின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், அதன்மேல் உண்மையான மரியாதையும் இருக்க வேண்டும்.

'நல்லதம்பி'க்கு முன்னால் ஒரு வழக்கு வந்தது. 1944-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு இவரும் கைதானார். தண்டனை, மேல்முறையீடு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில்தான் வெளியே வந்தார். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது மதுரம் அம்மையாரை முன்னால் நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. வழக்குச் செலவு கழுத்தை நெரிக்கும்போது, நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமம் போன்றவர்களின் துணையோடு நாடகக் குழுவைக் கலையவிடாமல் நடத்தினார். அதில் மேடையேறிய 'பைத்தியக்காரன்' நாடகமே பிறகு படமானது. கலைவாணர் வெளியே வந்தபோது அவருக்காக ஒரு குழு காத்திருந்தது என்றால் அதற்குக் காரணம் அந்த அம்மா.

சிறையிலிருந்து வந்த பிறகு பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. கிருஷ்ணனால் முடிந்தது. பாட்டு ஒன்றையே நம்பியிருக்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை இயக்கினார். நெல்லைப் பக்கத்து இளைஞரான சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து ஆதரித்தார். வில்லிசையை வானொலிக்கும் பெரிய மேடைகளுக்கும் கொண்டுபோன அதே சுப்பு ஆறுமுகம்தான். 1956-இல் வந்த 'ராஜா ராணி'யில் விதவிதமான சிரிப்புகளையே ஒரு பாட்டாகப் பாடிச் சிரித்துக் காட்டினார். மறு வருஷம் 1957 ஆகஸ்ட் 30 அன்று காலமானார். வயது 48.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிந்தனார் காட்சி இணையத்தில் இருக்கிறது. ஒரு தடவை கதைக்காகப் பாருங்கள். சரி, அது முடிந்ததும் இன்னொரு தடவை அவர் பாட்டிலிருந்து பேச்சுக்கு மாறுகிற இடங்களை மட்டும் பாருங்கள். பின்பாட்டுக்காரர்களோடு அவர் எப்படி ஒத்துப்போகிறார் என்பதையும் கவனியுங்கள். நன்றி, வணக்கம்.