ஆறு கடந்த பிறகு

(முன்னாள் படைவீரர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, வேலை மெனக்கெட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, நாங்கள் எல்லையில் கிடந்தபோது வீட்டையும் நிலத்தையும் காத்த தாய்மார்களே, வணக்கம். போன ஆண்டு கேன்டீன் மேலாளர் பெயரை விட்டுவிட்டேன். இரண்டு மாதம் மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த முறை அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ஜனவரி 14 படைவீரர் தினம். 1953-ல் அன்றுதான் நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றார். ஆனால் பொங்கல் வேலையை விட்டுவிட்டு அன்று யார் வருவார்? அதனால்தான் இந்த ஞாயிறு.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். நம் மருத்துவத்துக்கு ஒரு சட்டம், ஆஸ்பத்திரி பாக்கி, விதவைகளின் கார்டு.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று எழுதியிருக்கும். எனக்கு மிச்சம் 263 பேர்மேல்தான் கண். திரும்பி வந்தவர்களுக்கு நோய் வந்தபோது யார் பார்த்தார்கள்? கல்லில் அது இல்லை. 'ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ' என்பார் என் அப்பா.

நமக்கு இ.சி.எச்.எஸ்., அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அதற்கு முன் நம் ஆட்கள் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெரு ஹவில்தார் அண்ணன் கதையைக் கேளுங்கள்.

71 யுத்தம் பார்த்தவர். முழங்கால் போய்விட்டது. விடிவதற்குள் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, டிபன் பாக்ஸில் இட்லியோடு அந்தத் திட்டத்தின் மருத்துவமனையான பாலிகிளினிக் போனோம். டோக்கன் 41. பரிந்துரைச் சீட்டு கையில் வரும்போது மணி பன்னிரண்டு. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கவுண்டரில் இருந்த பெண் கேட்டது, "தாத்தா, கேஷா, கார்டா, இன்ஷூரன்ஸா?" அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். விறைப்பாக நின்று, "இன்ஃபன்ட்ரி!" என்றார்.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணும் சிரித்தது. அப்புறம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இப்ப எடுக்கறதில்லை தாத்தா, பழைய பில்லுக்கே இன்னும் பணம் வரலையாம்" என்றது. அண்ணன் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ்ஸில் பாதி வழி வரை பேச்சில்லை. பிறகு கேட்டார்: "சாப், சம்பளம் லேட்டாச்சுன்னு சொல்லி நாங்க 71-ல சுடாம இருந்தோமா?"

அந்தப் பெண்மேல் தப்பில்லை. பணம் வராத ஆஸ்பத்திரியும் எத்தனை நாள் தாங்கும்? கோளாறு வேரில் இருக்கிறது. இ.சி.எச்.எஸ். சட்டத்தால் வந்ததல்ல, அரசாணையால் வந்தது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்குகிறார்கள். அது தீர்ந்தால் பில்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகின்றன. அமெரிக்காவில் 2009-ல் ஒரு சட்டம் போட்டார்கள், படைவீரர் மருத்துவத்துக்கான பணத்தை ஓராண்டு முன்கூட்டியே ஒதுக்க. 2022-ல் இன்னொரு சட்டம். அதில் 31 மருத்துவ இடங்களை வாடகைக்கு எடுக்கவும் அனுமதி கொடுத்தார்கள். அவர்கள் பணக்காரர்கள், சரி. ஓராண்டு முன்னால் கணக்குப் போடப் பணக்காரனாக இருக்க வேண்டுமா?

நமக்கும் ஒரு சட்டம் வேண்டும். அதில் நான் பிடிவாதமாகக் கேட்பது தூரம். நாடு முழுக்க நானூற்றுச் சொச்சம் பாலிகிளினிக். நம் தாலுகாவில் ஒன்றுகூட இல்லை. வாரம் இரண்டு நாள் வண்டியிலாவது டாக்டர் வரட்டும். பிரஷர் மாத்திரைக்கு இரண்டு பஸ் ஏறுகிறவன் பாதி மாதம் மாத்திரையே போடுவதில்லை. இதைத்தான் ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆற்றைக் கடந்துவிட்டோம், அதனால்தான் பதில் வரவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாக்கியும் விதவைகளின் கார்டும் அடுத்த கூட்டத்துக்கு. வாசல் மேஜையில் மனு இருக்கிறது. சர்வீஸ் நம்பரைத் தெளிவாக எழுதுங்கள், போன முறை பதினோரு பேருடையது படிக்கவே முடியவில்லை. ஹவில்தார் அண்ணன் கையெழுத்து முதலிலேயே இருக்கிறது. பேனா அவருடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.